ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால்: புதுச்சேரியிலும் கடலூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பதும் ஒளிரும் கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் படிப்பதும் என் வேலை. ரிப்போர்ட்டைப் பிரித்த கையோடு கவுன்டரிலேயே நின்று மக்கள் கேட்கும் கேள்விகள் இவை. தோல் இறுக்க நோயான ஸ்கிளீரோடெர்மாவைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். உடலின் காப்பு அமைப்பே தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், ஷோக்ரன் நோய், தசை அழற்சி நோய்கள் ஆகியவையும் நடுவே வரும். சிகிச்சை உங்கள் மருத்துவரின் முடிவு. தாளில் உள்ள எழுத்துகளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

இந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது?

கிருமி உள்ளே நுழைந்தால் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை உடல் உண்டாக்குகிறது. இவையே ஆன்டிபாடிகள். தன்னுடல் தாக்குநோய்களில் இந்தப் புரதங்கள் சொந்த உயிரணுக்களையே, குறிப்பாக அவற்றின் உட்கருவில் உள்ள பொருள்களையே குறிவைக்கின்றன. அவை இருக்கின்றனவா என்று மொத்தமாகப் பார்ப்பது ஏ.என்.ஏ. (ஆன்டிநியூக்ளியர் ஆன்டிபாடி) பரிசோதனை. எந்தப் பொருளுக்கு எதிரானவை என்று பிரித்துச் சொல்வது 'ஏ.என்.ஏ. புரொஃபைல்'. இரண்டும் ஒன்று என்று நினைத்து, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. புரொஃபைலின் விலை சில மடங்கு அதிகம். சீட்டில் மருத்துவர் எதை எழுதியிருக்கிறார் என்று கவுன்டரில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

விரல் வெளுப்பதற்காக மருத்துவர் இதை எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் ஊர் வெயிலில் குளிரால் விரல் வெளுக்குமா?

வெளுக்கும். குளிர் பட்டதும் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல் முதலில் வெள்ளையாகவும் பிறகு நீலமாகவும், இரத்தம் திரும்பும்போது சிவப்பாகவும் மாறுவதற்கு ரேனாட் என்று பெயர். கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். மரத்துப்போவதும் குத்துவதும் மட்டுமே தெரியும். இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு மீன் எடுப்பவர்கள், நாள் முழுக்க ஏ.சி. அறையில் அமர்பவர்கள், மார்கழி விடியலில் வாசல் தெளிப்பவர்கள் ஆகியோரிடம் கேட்டால் தெரியும். 'வெயில் ஊர்தானே' என்ற நினைப்பால், மருத்துவர் கேட்டாலொழிய யாரும் இதைச் சொல்வதில்லை. விரல் வெளுத்திருக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குள் போகும் நேரத்தில் விரல் நல்ல நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

ரேனாட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இல்லை. இளம் வயதில் தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து, புண் எதுவும் ஆகாமல் இருந்தால் பெரும்பாலும் அது அவ்வளவுதான். முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, விரல்கள் வீங்கி மோதிரம் கழலாமல் நின்றாலோ பரிசோதனை தேவை.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வாருங்கள். எந்த மாத்திரையையும் இந்தப் பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டை நிறுத்தவே கூடாது.

1:80, 1:320 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

ஹெப்-2 என்னும் வகை மனித உயிரணுக்களைப் பரப்பிய கண்ணாடித் தகட்டில் உங்கள் இரத்தத்தின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, விடுகிறோம். ஆன்டிபாடி இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, பச்சையாக ஒளிரும் சாயம் கோத்த இன்னொரு புரதத்தை விட்டு, இருட்டறையில் அதற்கான நுண்ணோக்கியில் பார்க்கிறோம். ஒளிர்ந்தால் பாசிட்டிவ்.

சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்பதே அந்த எண். காபி டிகாக்‌ஷனில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாலும் எதுவரை நிறம் தெரிகிறது என்று பார்ப்பதைப் போன்ற கணக்கு இது. 1:80-இல் ஒளிர்ந்து 1:160-இல் மங்கிவிட்டால் அளவு குறைவு. 1:1280 வரை ஒளிர்ந்தால் அதிகம். ஆனால் இந்த எண் நோயின் கடுமையைச் சொல்வதில்லை. 1:1280 உள்ள ஒருவர் தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போவார்; 1:160 உள்ளவருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கும்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ். அப்படியானால் எனக்கு நோய் வந்துவிட்டதா?

இந்த ஒரு கேள்விக்காகவே மற்றவற்றையும் எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தாள் தனியாக நின்று எதையும் தீர்மானிக்காது. 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் நோயற்றவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 1:40 நீர்ப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேருக்கு ஒளிர்ந்தது. 1:80-இல் 13 பேர், 1:160-இல் 5 பேர், 1:320-இல்கூட 3 பேர். வயது கூடக்கூடப் பாசிட்டிவ் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. தைராய்டு நோய், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி ஆகியவற்றிலும் ஒளிரலாம். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசின், பருக்களுக்குத் தரும் மினோசைக்ளின் போன்ற மருந்துகளாலும் வரலாம்.

ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பது உண்மை. அதைத் திருப்பிப் போட்டால் பொய்யாகிவிடும். நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவ். பாசிட்டிவ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இல்லை. தள்ளுபடி விலையில் விற்கப்படும் 'முழு உடல் பரிசோதனை'ப் பட்டியலில் ஏ.என்.ஏ.வையும் நுழைத்துவிடும் வழக்கத்தை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர் அதை எடுத்து, 1:80 என்று பார்த்துவிட்டு, இரவெல்லாம் இணையத்தில் தேடிக் கண் சிவந்து வந்து நிற்கிறார்.

2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஸ்கிளீரோடெர்மாவை வகைப்படுத்த ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. மொத்தம் 9 மதிப்பெண் வேண்டும். அந்த நோய்க்கே உரிய ஆன்டிபாடிக்குக் கிடைப்பது 3. சாதாரண ஏ.என்.ஏ. பாசிட்டிவுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு கைகளிலும் விரல்களின் தோல் தடித்து, அது விரல் முட்டிகளைத் தாண்டிப் புறங்கை வரை ஏறியிருந்தால் அது ஒன்றுக்கே 9. ஆராய்ச்சிக்காக உருவான முறைதான் என்றாலும், எதற்கு எவ்வளவு எடை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கையைப் பார்த்த பிறகே காகிதம்.

'பேட்டர்ன்' என்று ஒரு வரி இருக்கிறதே?

உட்கரு ஒளிரும் விதம் அது. சீராக முழுதும் ஒளிர்ந்தால் 'ஹோமோஜீனியஸ்'. லூபஸில் அடிக்கடி வரும். புள்ளி புள்ளியாக இருந்தால் 'ஸ்பெக்கிள்டு'. இது பல நோய்களிலும் நோயற்றவர்களிடமும் வரும், இதைக் கொண்டு முடிவுக்கு வர முடியாது. உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டையான உட்கருமணி மட்டும் ஒளிர்ந்தால் 'நியூக்ளியோலார்'. விரலும் வெளுக்கிறது என்றால் ஸ்கிளீரோடெர்மா பக்கம் பார்வை திரும்ப வேண்டும். எண்ணிவிடக்கூடிய தனித்தனிப் புள்ளிகளாக, பிளவுறும் உயிரணுவில் அவை ஒரே வரிசையில் நிற்பதாகத் தெரிந்தால் 'சென்ட்ரோமியர்'. தகட்டிலேயே அடையாளம் சொல்லிவிடக்கூடிய மிகச் சில தோற்றங்களில் அது ஒன்று. 'டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்டு' என்று எழுதி, டி.எஃப்.எஸ்.70 என்னும் ஆன்டிபாடி மட்டும் தனித்து வந்திருந்தால், தன்னுடல் தாக்குநோய்க்கான வாய்ப்பு குறைவு என்றே பெரும்பாலும் கொள்வார்கள்.

புரொஃபைலில் வரும் பெயர்களுக்கு என்ன பொருள்?

ஸ்கிளீரோடெர்மாவில் மூன்று பெயர்கள் முக்கியம்.

சென்ட்ரோமியர் ஆன்டிபாடி: தோல் இறுக்கம் விரல், கை, முகம் என்ற அளவில் நிற்கும் வகையில் பெரும்பாலும் வரும். ரேனாட் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். நோய் மெதுவாக நகரும். அதனால் அசட்டையும் வரும். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயர்வது இந்த வகையில் பின்னாளில் வரக்கூடிய ஆபத்து. மாடிப்படி ஏறினால் முன்பில்லாத மூச்சு வாங்கல் இருந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். இதனுடன் ஏ.எம்.ஏ.-எம்2 என்னும் இன்னோர் ஆன்டிபாடியும் பாசிட்டிவ் ஆகி உடம்பெல்லாம் அரித்தால், கல்லீரலின் பித்தக் குழாய்களையும் பார்ப்பார்கள்.

எஸ்சிஎல்-70: டோபோஐசோமரேஸ்-1 என்னும் நொதிக்கு எதிரானது. தோல் இறுக்கம் மேற்கை, தொடை, மார்பு வரை பரவும் வகையில் அதிகம். நுரையீரல் தழும்பாகி இறுகுவது இதில் கவலைக்குரியது. முதல் சில ஆண்டுகளே முக்கியமான காலம். எனவே மருத்துவர் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினால், 'இருமலே இல்லையே' என்று தட்டாதீர்கள்.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3: தோல் வேகமாக இறுகும். சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டு இரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து இதில் மற்றவற்றைவிட அதிகம். நோய் தொடங்கும் காலத்தை ஒட்டிப் புற்றுநோய் கண்டறியப்படுவதும் இவர்களில் கூடுதலாகக் காணப்படுவதால், அதற்கான சோதனைகளையும் மருத்துவர் சொல்லக்கூடும். ஒரு விஷயம் கவனியுங்கள்: புரொஃபைலை, ஒவ்வோர் ஆன்டிபாடியையும் ஒரு கோடாகக் காட்டும் பட்டையில் (ஸ்டிரிப்) செய்வார்கள்; பொதுவான ஏ.என்.ஏ. புரொஃபைல் பட்டைகள் பலவற்றில் இந்த ஆன்டிபாடி கிடையாது. ஸ்கிளீரோடெர்மாவுக்கென்று உள்ள தனிப் பட்டையில் அல்லது தனிப் பரிசோதனையில்தான் வரும். 'எல்லாம் எடுத்துவிட்டோம், ஒன்றுமில்லை' என்று சொல்லும் முன் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. யு1-ஆர்.என்.பி. உயர்ந்த அளவில் இருந்தால் லூபஸ், தசை அழற்சி, ஸ்கிளீரோடெர்மா மூன்றின் சாயலும் கலந்த நோய். 1972-இல் முதலில் விவரிக்கப்பட்டது. பி.எம்.-எஸ்.சி.எல். என்றால் தசையும் தோலும் சேர்ந்து பாதிக்கப்படலாம். ஜோ-1 தசைக்கும் நுரையீரலுக்கும். டி.எஸ்.டி.என்.ஏ., ஸ்மித் இரண்டும் லூபஸுக்கு. ரோ, லா இரண்டும் வாயும் கண்ணும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோயில் அதிகம், லூபஸிலும் வரும்.

'வீக் பாசிட்டிவ்' என்று இரண்டு மூன்று பெயர்களுக்கு நேரே போட்டிருக்கிறது. எல்லா நோயும் இருக்கிறதா?

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பட்டை முறையில் மங்கலான கோடுகள் எளிதாக வந்துவிடும். ஸ்கிளீரோடெர்மாவில் ஒருவருக்குப் பொதுவாக அந்த நோய்க்குரிய ஆன்டிபாடி ஒன்றுதான் இருக்கும். சென்ட்ரோமியர், எஸ்சிஎல்-70 இரண்டும் மங்கலாக ஒரே தாளில் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது பட்டையைத்தான். தகட்டில் தெரிந்த தோற்றமும் பட்டையில் வந்த பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பட்டை சென்ட்ரோமியர் என்கிறது, தகட்டில் அந்தப் புள்ளி வரிசை இல்லை என்றால், வேறு முறையில் சரிபார்க்கச் சொல்லலாம். ஏ.என்.ஏ. தகட்டைத் தவிர்த்து நேரடியாகப் பட்டைக்குப் போவதில் உள்ள நட்டம் இது.

ஏ.என்.ஏ. நெகட்டிவ். ஆனால் தோல் இறுகிக்கொண்டே வருகிறதே?

அப்படியானால் தோலை நம்புங்கள். ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்களில் சிலருக்கு ஏ.என்.ஏ. கடைசிவரை நெகட்டிவாகவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும் தகட்டு முறையில் அல்லாமல், நிற மாற்றத்தைக் கருவியால் அளக்கும் எலைசா முறையில் செய்த ஏ.என்.ஏ.வில் சில ஆன்டிபாடிகள் தப்பிவிடும். எந்த முறை என்று ரிப்போர்ட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். அதே சமயம், தோல் இறுகுவதெல்லாம் ஸ்கிளீரோடெர்மா அல்ல. நீண்ட கால நீரிழிவில் விரல் மூட்டுகள் மடங்காமல் தோல் தடிக்கும். உள்ளங்கைகளைச் சேர்த்துக் கும்பிட்டால் நடுவே இடைவெளி தெரியும். விரல் வெளுப்பதே இல்லை, நகக் கண்ணில் இரத்தக் குழாய்கள் இயல்பாக உள்ளன, ஆன்டிபாடியும் இல்லை என்றால், மருத்துவர் வேறு நோய்களைத் தேடுவார்.

முகத்திலும் கழுத்திலும் கருத்த தோலின் நடுவே சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவது நம் தோல் நிறத்தவரிடம் ஸ்கிளீரோடெர்மாவின் ஓர் அடையாளம். வெண்புள்ளி நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவி நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

நகக் கண்ணை ஏன் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள்?

நகம் தோலுடன் சேரும் மடிப்பில் நுண்ணிய இரத்தக் குழாய்களை நேரில் பார்க்க முடியும். ஸ்கிளீரோடெர்மாவில் அவை வீங்கி, இடையிடையே அழிந்து காணப்படும். ஊசி இல்லை, வலி இல்லை. ரேனாட் மட்டும் இருந்த 586 பேரைக் கனடாவில் நீண்ட காலம் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகக் கண் மாற்றமும் ஸ்கிளீரோடெர்மாவுக்குரிய ஆன்டிபாடியும் சேர்ந்து இருந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பேருக்கு நோய் வெளிப்பட்டது. இரண்டும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. இரத்தப் பரிசோதனை தன் முழு வலிமையைக் காட்டும் இடம் இது: நோய் வெளியில் தெரியும் முன்பே, யாரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிப்பது. பரிசோதனைக்குப் போகும் முன் நகக் கண் தோலைப் பிய்க்காதீர்கள், நகச்சாயத்தை அழித்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏ.என்.ஏ. எடுத்துப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். ஒரு முறை உறுதியாகப் பாசிட்டிவ் என்று தெரிந்தபின் அதைத் திரும்ப எடுப்பது எங்கள் ஆய்வகத்துக்கு வருமானம், உங்களுக்கு ஒன்றுமில்லை. எண் ஏறுவதும் இறங்குவதும் நோயின் போக்கைக் காட்டாது. லூபஸில் டி.எஸ்.டி.என்.ஏ.வும், சி3, சி4 என்னும் இரத்தப் புரதங்களின் அளவுகளும் விதிவிலக்கு. அவற்றைத் திரும்பப் பார்ப்பதில் பயன் உண்டு. ஸ்கிளீரோடெர்மாவில் அந்தப் பணத்தை நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக்கும் எக்கோவுக்கும் (இதய ஸ்கேன்) சிறுநீர், கிரியேட்டினின் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓர் இரத்த அழுத்தக் கருவி இருப்பது இன்னும் நல்லது. வழக்கமாக மேல் அளவு 110 இருப்பவருக்கு திடீரென்று 150 ஆகி, தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கசாயமும் பொடியும் சாப்பிட்டபின் வலி குறைந்திருக்கிறது. ஆன்டிபாடியும் இறங்கியிருக்குமா?

எண் இறங்கினாலும் அது குணமானதற்குச் சான்று இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன். என் கவலை வேறு. பெயர் ஒட்டாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. ஸ்கிளீரோடெர்மாவில் அதிக அளவு ஸ்டீராய்டு, சொல்லப்போனால் பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல், மேலே சொன்ன சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடும். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவதானால் ரிப்போர்ட்டை அவரிடமும் காட்டுங்கள். என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் போகாதீர்கள்.

திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்தவர் என் கணவர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசிக்கும் ஸ்கிளீரோடெர்மாவுக்கும் உள்ள தொடர்பு, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் 1957-இலேயே பதிவாகியிருக்கிறது. பொதுவாகப் பெண்களிடம் அதிகம் வரும் இந்த நோய் ஓர் ஆணுக்கு வந்தால், அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். குவாரி, கிரஷர், கிணறு வெட்டுதல், டைல்ஸ் அறுத்தல் எல்லாம் இதில் அடங்கும். காசநோய்க்கு முன்பு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் மகளுக்கும் இப்போதே எடுத்துப் பார்க்கலாமா?

அவளுக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்றால் வேண்டாம். நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான்; ஆனாலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பொருளற்ற ஒரு 'பாசிட்டிவ்' தாள் என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பமாக இருக்கிறேன். ரோ ஆன்டிபாடி பாசிட்டிவ்.

மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். இந்த ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியே குழந்தையை அடைந்து, இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைப் பாதிக்கலாம். வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டுதான். முந்தைய குழந்தைக்கு அப்படி ஆகியிருந்தால் கூடும். 16-ஆம் வாரத்திலிருந்து 26-ஆம் வாரம் வரை குழந்தையின் இதயத்தை எக்கோவில் கவனிப்பது வழக்கம். லூபஸ் போன்ற நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் 'பிள்ளைக்கு ஆகாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். அது இந்த ஆபத்தைக் குறைக்கவே உதவுகிறது.

எங்கே போவது?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் இந்த நோய்களுக்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவது நல்லது. கூட்டம் காலையிலேயே சேர்ந்துவிடும். தனியாரிடம் போவதானால் ருமட்டாலஜி (வாதநோய் மருத்துவம்) படித்த மருத்துவரைத் தேடுங்கள். எலும்பு மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் மாறி மாறிப் போய் ஆண்டுகளைத் தொலைத்தவர்கள் அதிகம்.

பழைய ரிப்போர்ட்டுகளை வைத்திருக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் தேதி வரிசையில், எந்த ஆய்வகம், எந்த முறை என்பது தெரியும்படி வைத்திருங்கள். சுருக்கம் எழுதிக்கொண்டு மூலத்தைத் தூக்கிப்போடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துகொண்டும் வராதீர்கள். மருத்துவர் அதன் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கும்.